கண்டவுடன் கை தூக்கவும்

பிப்ரவரி 9, ஞாயிறு

இட்லிக்கு அரிசி ஊறப்போட மறந்துவிட்டேன். அதைவிடப் பெரிய விஷயம் ஒன்று இன்று நடந்தது. எழுத உட்கார்ந்தால் கை அரிசியைத்தான் முதலில் எழுதுகிறது.

மதியம் மேட்டுவலசு ஓடுதளத்துக்குத் தெற்கே, மூவாயிரம் அடி உயரத்தில், என் கிளைடரில் தனியாகப் போய்க்கொண்டிருந்தேன். முன்னால் ஒரு பருந்து இறக்கையை அசைக்காமலே மேலேறிக்கொண்டிருந்தது. பருந்து அப்படி ஏறினால் அங்கே சூடான காற்று மேலே போகிறது என்று அர்த்தம். இஞ்சின் இல்லாத எங்களுக்கு அந்தக் காற்றுதான் எரிபொருள். நேராக அதை நோக்கிப் போனேன். போகும் முன் இடம், வலம், மேல், கீழ் எல்லாம் பார்த்தேன். வானம் காலியாக இருந்தது.

அடுத்த கணம் என் காலுக்கடியில் ஒரு வெள்ளை இறக்கை போனது. கிட்டத்தில். ஓட்டியவரின் தொப்பி பச்சை நிறம் என்று தெரியும் அளவுக்குக் கிட்டத்தில். உடுமலையில் ஜவுளிக்கடை வைத்திருக்கும் இக்பால் பாய். கடைசி நேரத்தில் என்னைப் பார்த்து கிளைடரின் மூக்கைக் கீழே தள்ளியிருக்கிறார். இல்லையென்றால் இதை எழுத நான் இல்லை.

எங்கள் கிளப்பில் ஒரு வழக்கம் உண்டு. வானத்தில் ஏதாவது தவறினால் சம்பந்தப்பட்டவர்கள் தரையில் அதை நடந்து காட்ட வேண்டும். கைகளை இறக்கை போல விரித்துக்கொண்டு, போன பாதையில் மெதுவாக நடக்க வேண்டும். தலைமைப் பயிற்றுநர் தேவசகாயம் சார் நடுவில் நின்றார். விமானப்படையில் இருந்து ஓய்வு பெற்றவர். யாரையும் திட்ட மாட்டார், நடக்க வைப்பார். நான் வடக்கிலிருந்து நடந்தேன். இக்பால் பாய் என் இடப்பக்கத்திலிருந்து நடந்து வந்தார். இருவர் விரல் நுனியும் உரசின.

"மேடம், அடுத்த தடவ ஹாரன் அடிச்சுட்டு வாங்க" என்றார் இக்பால் பாய். சொல்லிவிட்டு ஒரு பாட்டில் தண்ணீரையும் ஒரே மூச்சில் குடித்தார்.

"பாத்தீங்களா வாணிம்மா?" என்றார் சார்.

"பார்த்தேன் சார். இடப்பக்கம் பார்த்தேன். அங்கே வானம்தான் இருந்துச்சு."

"நீங்க பாய்?"

"நானும் பாத்தனுங்க. மேடத்துக்குப் பின்னாடி பெரிய வெள்ளை மேகம். கடைசியிலதான் அந்த மேகத்துக்கு வால் இருக்கறது தெரிஞ்சுது."

"ரெண்டு பேரும் பாத்தீங்க. ரெண்டு பேருமே காணல" என்றார் சார்.

அவரிடம் சொல்லவில்லை. அவர் என்றால் என் கணவர்.

பிப்ரவரி 10, திங்கள்

இரண்டாம் ஆண்டு பி.எஸ்சி. மாணவிகளுக்கு ஒளியியல் எடுக்கும்போது பாதியில் நின்றுவிட்டேன். நேற்று நடந்ததற்கான கணக்கு கரும்பலகையிலேயே இருந்தது.

இரண்டு பொருள்கள் மாறாத வேகத்தில் ஒரே புள்ளியை நோக்கி நேராகப் போனால், ஒன்றிலிருந்து பார்க்க மற்றது நகர்வதே இல்லை. கண்ணாடியில் ஒட்டிய தூசி மாதிரி ஒரே இடத்தில் நிற்கும். கடைசியில் திடீரென்று பெரிதாகும். கண்ணோ நகர்வதைத்தான் சட்டென்று பிடிக்கிறது. அதாவது என் கண்ணில் எளிதாகப் படும் கிளைடர் எதுவும் என் மேல் மோதாது. மோதப்போவது கண்ணில் படாது.

அதற்கு மேல் எல்லா கிளைடரும் வெள்ளை. வேறு நிறம் அடித்தால் வெயிலில் சூடாகி இறக்கையின் பிசின் இளகும். மேகமும் வெள்ளை. யாரையும் குறை சொல்ல முடியாத ஏற்பாடு.

காபி டம்ளரைத் தட்டிவிட்டேன். மேசையின் இடது ஓரத்தில் யார் வைத்தது என்று கேட்டேன். நான்தான் வைத்திருப்பேன்.

பிப்ரவரி 12, புதன்

அவருக்குத் தெரிந்துவிட்டது. இக்பால் பாயின் துணி மூட்டைகள் இவர் நடத்தும் பார்சல் ஆபீஸ் வழியாகத்தான் திருப்பூரிலிருந்து வருகின்றன. மூட்டையோடு செய்தியும் வந்திருக்கிறது.

என் கணவர் சண்முகசுந்தரம் கோபப்பட்டால் குரல் தணியும். "பாய் சொல்லித்தான் எனக்குத் தெரியணுமா?" என்றார். பிறகு நெடுநேரம் முருங்கைக்கீரை உருவிக் கொடுத்தார். உருவி முடித்துவிட்டு, "ஏப்ரல்ல கிளப் முகாம்னு சொன்னியே, அன்னிக்கு நான் உன்கூட மேல வரேன்" என்றார்.

நான் பறக்கக் கற்ற நாளிலிருந்து வராதவர். மாடித் தண்ணீர்த் தொட்டியின் ஏணியில் நாலாவது படிக்கு மேல் ஏறாதவர்.

"எதுக்குங்க?"

"சும்மா. பக்கத்துல உக்காந்து பாத்துட்டு வரேன்."

இரட்டை இருக்கைக் கிளைடரில் பக்கத்தில் உட்கார முடியாது, பின்னால்தான் உட்கார வேண்டும் என்று சொன்னேன். "பின்னாடி இருந்தே பாக்கறேன்" என்றார்.

பிப்ரவரி 16, ஞாயிறு

கிளப் கூட்டம். ஏப்ரல் 13 முகாமுக்கு வெளியூர் கிளப்புகளும் வருகின்றன. எங்களுடையதையும் சேர்த்துப் பதினோரு கிளைடர்கள் ஒரே வானத்தில், ஒரே சூடான காற்றைத் தேடிச் சுற்றும். நெருங்கினால் ஒலி எழுப்பும் கருவி சிலவற்றில்தான் உண்டு. எங்களுக்கு அது இந்த வருடம் வந்து சேராது.

சார் எழுந்து நின்றே பேசினார். "போன ஞாயித்துக்கிழமை ரெண்டு பேரு உயிரு பிழைச்சது திறமையால இல்ல. நம்ம கிளைடருங்க கண்ணுக்குத் தெரியற மாதிரி ஏதாவது செய்யணும். செய்ய முடியலன்னா முகாம் கிடையாது."

நான் கை தூக்கினேன். ஒளியைப் பற்றிப் பாடம் நடத்திச் சம்பளம் வாங்குகிறவள் வேறு யார் அங்கே இருக்கிறார்கள்?

"முகாமுக்குள்ள முடிக்கறேன் சார்" என்றேன். சொன்ன பிறகுதான் சொன்னது எவ்வளவு பெரியது என்று தெரிந்தது.

பிப்ரவரி 20, வியாழன்

கல்லூரி விட்டதும் பொள்ளாச்சியில் வண்டி ஸ்டிக்கர் கடைக்குப் போனேன். ஒளிரும் ஆரஞ்சு நிறத்தில் ஒட்டுத்தாள் கேட்டேன்.

"கல்யாண காருங்களா?" என்றார் கடைக்காரர்.

"இல்லைங்க. கிளைடர்."

"அது என்ன வண்டிங்கக்கா, பழைய மாடலுங்களா?"

விளக்கினேன். கேட்டுவிட்டு, "அப்ப மழைத்தண்ணி படும். நல்ல கோந்து இருக்கறதா தரேன்" என்றார். இதுவரை என் வேலையை இவ்வளவு சுருக்கமாக யாரும் புரிந்துகொண்டதில்லை.

வீட்டில் என் கணவரும் ஒரு யோசனை சொன்னார்: "லாரிக்குப் பின்னாடி ஒட்டற சிவப்பு ரிஃப்ளெக்டர் ஒட்டிடு. கூடவே 'பத்திரமாய்ப் போய் வா'ன்னு எழுதிடலாம்." இரவு முழுக்கச் சிரிப்பு வந்தது.

பிப்ரவரி 23, ஞாயிறு

தோல்வி. ஆனால் நல்ல தோல்வி.

சோதனையை நான்தான் வகுத்தேன். ஓடுதளத்தின் ஓரத்தில் ஆறு பேர், ஒருவர் கை மற்றவருக்குத் தெரியாத தூரத்தில், தார்ப்பாயில் தெற்கே கால் நீட்டி மல்லாந்து படுக்க வேண்டும். நேரே மேலே பார்க்க வேண்டும். தலையைத் திருப்பக் கூடாது. ஒரே பார்வையில் என்ன அகப்படுகிறது என்பதுதான் சோதனை. கிளைடர் எந்தத் திசையிலிருந்து வரும் என்று சாருக்கும் ஓட்டுபவருக்கும் மட்டும் தெரியும். கண்டவுடன் கை தூக்க வேண்டும். சார் பின்னால் நின்று கைகளைப் பார்ப்பார்.

என் கிளைடரின் இறக்கை நுனி, மூக்கு, நடு உடல் எங்கும் ஆரஞ்சுப் பட்டைகள் ஒட்டியிருந்தேன். தரையில் பார்க்கத் திருவிழாக் குதிரை மாதிரி இருந்தது. மேலே போனதும் பட்டையில்லாத வெள்ளைக் கிளைடரைவிடத் தாமதமாகத்தான் கைகள் எழுந்தன. பட்டைகள் அதன் உருவத்தைத் துண்டு துண்டாக்கிவிட்டன. தூரத்தில் ஆரஞ்சு நிறமும் சாம்பலாகிவிடுகிறது. ஒரு முழு வெள்ளைக் கிளைடர் இருந்த இடத்தில் ஏழெட்டுச் சிறு அழுக்குகள்.

"மேடம் அதை மறைச்சே வெச்சுட்டாங்க" என்றார் இக்பால் பாய்.

மாலை முழுவதும் பட்டைகளை உரித்தேன். நகம் வலிக்கிறது. சரி, நிறம் இல்லை என்று தெரிந்தது. வேறு பார்க்கலாம்.

மார்ச் 2, ஞாயிறு

இறக்கை நுனிக்கு மட்டும் கறுப்புப் பட்டை. கொஞ்சம் பரவாயில்லை, அவ்வளவுதான்.

கிழக்கிலிருந்து வந்தபோதெல்லாம் என் கை கடைசியாக எழுந்ததாக சார் சொன்னார். "வாணிம்மா, தூங்கிட்டீங்களா?" என்றார். எனக்கு இடப்பக்கம் கிழக்கு. காலைச் சூரியன் அந்தப் பக்கம்தானே. மற்ற ஐந்து பேருக்கும் அதே சூரியன் என்பது உண்மைதான். எனக்குக் கண் கூசும் சுபாவம்.

கூலிங் கிளாஸை மாற்ற வேண்டும்.

மார்ச் 6, வியாழன்

ஆண்டுதோறும் செய்யும் குருட்டுப்புள்ளி சோதனை. வெள்ளை அட்டையில் வலப்பக்கம் ஒரு சிலுவைக் குறி, இடப்பக்கம் ஒரு கறுப்புப் பொட்டு. வலக்கண்ணை மூடிக்கொண்டு இடக்கண்ணால் சிலுவையையே பார்த்தபடி அட்டையை முகத்தருகே கொண்டுவந்தால், ஓரிடத்தில் பொட்டு மறையும். இன்னும் அருகே கொண்டுவந்தால் திரும்பி வரும். எல்லாக் கண்ணிலும் பார்க்காத ஓரிடம் உண்டு. மூளை அங்கே அக்கம்பக்கத்து வெள்ளையை எடுத்துப் பூசி மூடிவிடுகிறது. அதனால் இல்லாதது இல்லை என்றே நமக்குத் தெரிவதில்லை. இதை நான் சொல்லும்போது மாணவிகள் சத்தம் போடாமல் கேட்பார்கள்.

"மேம், போயிருச்சு... மேம், வந்துருச்சு" என்று வகுப்பு முழுக்கக் குரல்கள்.

நானும் ஓர் அட்டையை எடுத்துப் பார்த்தேன். பொட்டு போனது. வரவில்லை. மூக்கில் அட்டை முட்டும் வரை வரவில்லை.

இந்த வருட அட்டைகளை ஜெராக்ஸ் கடையில் மங்கலாக அடித்துக் கொடுத்துவிட்டார்கள்.

மார்ச் 9, ஞாயிறு

வழி கிடைத்துவிட்டது என்று நினைக்கிறேன். நிறம் தூரத்தில் சாகும், மினுக்கம் சாகாது. ஓடுதளத்தில் நின்றபோது தூரத்துச் சாலையில் போன பேருந்தின் கண்ணாடி ஒரு நொடி பளிச்சென்று அடித்தது. பேருந்து தெரியவில்லை, பளிச்சு தெரிந்தது. கிளைடர் அசையாமல் நிற்பதுபோலத் தோன்றினாலும் கொஞ்சம் சாய்ந்தால் போதும், ஒளி அசையும்.

கண்ணாடி போன்ற பளபளப்பு ஃபிலிமை வாலின் சுக்கான் பலகையில் ஒட்டிக்கொண்டிருந்தேன். எங்கள் பராமரிப்பு இஞ்சினியர் பழனிவேல் டீயைக் கீழே வைத்துவிட்டு ஓடி வந்தார்.

"மேடம், மேடம், எடுத்துருங்க. அது அசையற பாகமுங்க. கீலுக்குப் பின்னாடி எடை ஏறுனா வேகத்துல வால் நடுங்க ஆரம்பிச்சுரும். அப்புறம் கிளைடர் நல்லாத் தெரியும், துண்டு துண்டாத் தெரியும்."

எடை, நெம்புகோல், அதிர்வு. மூன்றும் நான் நடத்தும் பாடம். நிறத்திலிருந்து ஒளிக்கு வந்த உற்சாகத்தில் எடையை மறந்திருக்கிறேன். வாலிலேயே அசையாத முன்பாகத்தில், செங்குத்தாக நிற்கும் பலகையில் மட்டும் ஒட்டலாம் என்று முடிவாயிற்று. அதற்கும் அவர் எடை போட்டு, அனுமதி எழுதி வாங்கிய பிறகுதான் பறக்கும். வாங்கித் தருவதாகச் சொன்னார்.

ஒட்டியதில் இடப்பக்க விளிம்பு கோணலாக இருந்தது. "இந்தப் பக்கத்தை நான் ஒட்டறேனுங்க" என்று உரித்துத் திரும்ப ஒட்டினார்.

மார்ச் 16, ஞாயிறு

கைகள் எழுந்தன. இக்பால் பாய் ஓட்டினார், படுத்திருந்தவர்கள் ஒருவர் பின் ஒருவராகக் கை தூக்க, சார் பின்னால் நின்று, "ஆகா, ஆகா" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். வெறும் வெள்ளைக் கிளைடரைக் காண்பதற்கு வெகு முன்பே ஒளி தெரிகிறது. எல்லா நேரமும் இல்லை. சூரியன் மறைந்தால் இல்லை. கிளைடர் சாயாமல் நேராகவே வந்தால் இல்லை. அதனால் ஒரு விதியும் எழுதினேன்: நேராகப் போகும்போது அவ்வப்போது இறக்கையை இருபுறமும் மெல்லச் சாய்க்க வேண்டும். நகராத பொருளை நாமே நகர்த்த வேண்டும்.

முகாம் உண்டு என்று சார் அறிவித்தார். வரும் கிளைடர்களுக்கும் இஞ்சினியர்கள் சம்மதித்தால் ஒட்டுவோம்.

கிழக்கிலிருந்து வந்தபோது என் கை எழவில்லை. அது ஒரு முறைதான். இரண்டு முறை.

மார்ச் 19, புதன்

கல்லூரி வாசலில் இடப்பக்கத் தூணில் ஸ்கூட்டரை உரசிவிட்டேன். கண்ணாடி உடைந்தது. தூணை அகலப்படுத்திவிட்டார்களா என்று வாட்ச்மேனிடம் கேட்டேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

நானும் என் கணவரும் சந்தைக்கு நடந்து போனோம். இவர் எப்போது என் இடப்பக்கம் நடக்க ஆரம்பித்தார் என்று யோசித்தேன். முன்பெல்லாம் சாலைப் பக்கம் எதுவோ அந்தப் பக்கம் நடப்பார். இப்போது போகும்போதும் வரும்போதும் இடப்பக்கமே. சாப்பாட்டு மேசையிலும் தண்ணீர் டம்ளர் எனக்கு வலப்பக்கமே இருக்கிறது. நான் வைப்பதில்லை.

தக்காளி நன்றாக இருந்தது.

மார்ச் 23, ஞாயிறு

சாருடன் வருடாந்தரச் சோதனைப் பறப்பு. இரட்டை இருக்கை, முன்னால் நான், பின்னால் அவர். சூடான காற்றில் வலப்பக்கமாகச் சுற்றினேன். இப்போதெல்லாம் அதுதான் கை வருகிறது.

"இடப்பக்கமா சுத்துங்க" என்றார். சுற்றினேன்.

"இடப்பக்கம் என்ன இருக்கு?"

"ஒண்ணும் இல்ல சார். காலி."

இறங்கி, கண்ணாடி மூடியைத் திறந்த பிறகு சொன்னார். "ஒரு பருந்து இருந்துச்சும்மா. நம்மகூடவே ஒரு சுத்து சுத்துச்சு."

"பருந்து சின்னது சார்."

"சின்னதுதான்" என்றார். "போன வருசம் மெடிக்கல்ல கண்ணு எப்படி இருந்துச்சு?"

"கடைசி வரி வரைக்கும் படிச்சேன் சார்."

அது உண்மை. இப்போதும் படிப்பேன். பஞ்சாங்கத்தின் பொடி எழுத்தைக் கண்ணாடி இல்லாமல் படிக்கிறேன். ஆனால் அது நேரே பார்ப்பது.

என் பறப்புப் பதிவில் அவர் கையெழுத்துப் போடவில்லை. "அடுத்த வாரம் இன்னொரு தடவ போலாம்" என்றார். கார் சாவியை எங்கே வைத்தேன் என்று தேடினேன். இடது கையிலேயே இருந்தது.

மார்ச் 30, ஞாயிறு

ஓடுதளத்துக்குப் போகவில்லை. காலில் சுளுக்கு என்று சொன்னேன். சுளுக்கு இல்லை.

மொட்டை மாடியில் வடகம் காய்ந்துகொண்டிருந்தது. காக்கை விரட்ட உட்கார்ந்தேன். அவர் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தார். வெள்ளைத் துண்டு. எதிர்ச் சுவரும் வெள்ளை.

"ஏனுங்க, ஒரு உதவி செய்யறீங்களா?" என்றேன். "நான் நேரா அந்தத் தண்ணீர்த் தொட்டியைப் பார்த்துட்டு உட்கார்ந்திருக்கேன். நீங்க அந்தத் துண்டை விரிச்சுப் பிடிச்சுட்டு எனக்குப் பின்னாடி இருந்து மெதுவா முன்னாடி வாங்க. மொதல்ல வலப்பக்கம். பார்த்ததும் கை தூக்கறேன்."

ஏன் என்று அவர் கேட்கவில்லை. கேட்காததைக் கவனித்தேன்.

வலப்பக்கம் வந்தார். தோளுக்கு நேரே வந்ததும் துண்டு தெரிந்தது. கை தூக்கினேன்.

"இப்ப இடப்பக்கம்."

தொட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். தொட்டியின் மூடி மேல் ஒரு காக்கை உட்கார்ந்தது, போனது. சுவர் இருந்தது. வெயில் இருந்தது. இடப்பக்கம் முழுக்கச் சுவர்தான் இருந்தது, இடைவெளி இல்லாமல், கறை இல்லாமல், நல்ல சுண்ணாம்பு அடித்த சுவர். செருப்புச் சத்தம் கேட்டது, நின்றது. காத்திருந்தேன்.

"வாங்க" என்றேன். "ஏன் நின்னுட்டீங்க?"

"வாணி" என்றார். குரல் என் கைக்கெட்டும் தூரத்தில் கேட்டது. "நான் வந்துட்டேன். உன் தோளைத் தாண்டி, இடது கன்னத்துக்குப் பக்கத்துலதான் நிக்கறேன். துண்டை ஆட்டிட்டு இருக்கறேன்."

தலையைத் திருப்பினேன். நின்றுகொண்டிருந்தார். துண்டைக் கொடி மாதிரி ஆட்டிக்கொண்டிருந்தார். கண்ணில் நீர்.

"எப்ப இருந்து தெரியும்?"

"தீபாவளிக்கு மத்தாப்பு நீட்டினேன். நீ வாங்கவே இல்ல. விளையாடறேன்னு நெனச்சேன்."

"சொல்லியிருக்கலாமே."

"கண் டாக்டர்கிட்டப் போலாம்னு நாலு தடவ சொன்னேன். பேப்பர் படிச்சுக் காமிச்சு வாய அடைச்சுட்ட." துண்டை மடித்தார். "பறக்கறத யாராச்சும் பிடுங்கிருவாங்கன்னு பயந்துட்டிருக்கறவகிட்ட நானும் எப்படிப் பிடுங்கறது? அதான் மேல வரேன்னு சொன்னேன். இடப்பக்கத்தை நான் பாத்துக்கலாம்னு."

நாலாவது படிக்கு மேல் ஏறாதவர்.

வடகத்தில் பாதியைக் காக்கை தின்றுவிட்டது.

ஏப்ரல் 3, வியாழன்

கண் மருத்துவமனை. பிறகு எழுதுகிறேன்.

ஏப்ரல் 5, சனி

முருங்கைக்காய் சாம்பார். துணி ஊறவைத்தேன். மாணவிகளின் செய்முறை நோட்டுகள் திருத்தி முடித்தேன்.

குளுக்கோமா. கண்ணுக்குள் அழுத்தம் கூடி நரம்பைத் தின்கிறது. வலி இல்லை, சிவப்பு இல்லை. இடக்கண்ணில் நடுவில் மட்டும் ஒரு ஜன்னல் பாக்கி இருக்கிறது. வலக்கண்ணிலும் மூக்குப் பக்க ஓரத்தில் ஆரம்பித்திருக்கிறது. கிண்ணம் போன்ற கருவிக்குள் தலையை வைத்து, புள்ளி ஒளி தெரியும்போதெல்லாம் பொத்தானை அழுத்தச் சொன்னார்கள். என் சோதனையேதான், கைக்குப் பதில் பொத்தான்.

டாக்டர் அம்மாவுக்கு எனக்கு மகளாக இருக்கும் வயது. "போனது போனதுதான்ங்க. இருக்கறதக் காப்பாத்தலாம். தினமும் சொட்டு மருந்து, ஒரு நாளும் விடக்கூடாது" என்றார். தனியாகப் பறக்கலாமா என்று கேட்டேன். அவர் பதில் சொல்லுமுன் எனக்கே பதில் தெரிந்துவிட்டது.

பிப்ரவரி 9 அன்று நான் பார்த்தேன் என்று எழுதியிருக்கிறேன். பொய்யில்லை. பார்த்தேன். என் மூளை காலி வானத்தை எடுத்துப் பூசிக் கொடுத்தது. நான் அதை நம்பினேன்.

ஆனால் இக்பால் பாயின் இரண்டு கண்ணும் நன்றாக இருந்தன. அவரும்தான் என்னைக் காணவில்லை. இதை மறக்கக் கூடாது. என் கண் கெட்டது என்பதால் கிளைடர்கள் தெரிய ஆரம்பித்துவிடவில்லை. வேலை அப்படியே இருக்கிறது.

ஏப்ரல் 6, ஞாயிறு

சாரிடம் சொன்னேன். கிளைடர் நிறுத்தும் ஹேங்கரில், என் கிளைடரின் இறக்கை மேல் கை வைத்துக்கொண்டு சொன்னேன். இக்பால் பாயும் கேட்க வேண்டும் என்று அவரையும் கூப்பிட்டிருந்தேன். மோதியிருந்தால் போயிருக்கக்கூடிய உயிர்களில் ஒன்று அவருடையது.

சார் நெற்றியைத் தேய்த்தார். "இன்னொருத்தர் கூட இரட்டை இருக்கையில வரலாம்மா. தனியா வேண்டாம்."

"தெரியும் சார். அதைச் சொல்லத்தான் வந்தேன்."

இக்பால் பாய் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். பிறகு, "எனக்குக் கண்ணு நல்லா இருந்தும் காணல மேடம். என்னைய என்ன செய்யறதுங்க?" என்றார்.

"உங்க வாலுக்கு ஃபிலிம் ஒட்டறது."

"ஒட்டுங்க. வேணும்னா தொப்பிக்கும் ஒட்டிருங்க."

கிளைடருக்கு உறை போட்டுக் கட்டினேன். கயிற்றின் முடிச்சை இரண்டு முறை போட்டேன். இதற்கு மேல் இதைப் பற்றி எழுத விருப்பமில்லை.

ஏப்ரல் 12, சனி

வெளியூர்க் கிளைடர்கள் வந்துவிட்டன. நானும் பழனிவேலும் காலையிலிருந்து ஒட்டினோம். வலப்பக்கம் நான், இடப்பக்கம் அவர். பேசி வைத்துக்கொள்ளாமலே அப்படி அமைந்தது. ஒரு வெளியூர் ஓட்டுநர், "இவ்வளவு அழகான வாலுக்குக் கண்ணாடி எதுக்கு?" என்று தகராறு செய்தார். அவரைத் தார்ப்பாயில் படுக்கவைத்து மேலே பார்க்கச் சொன்னேன். ஒட்டிய கிளைடர் ஒன்றும் ஒட்டாதது ஒன்றும் போயின. எழுந்து முதுகைத் தட்டிக்கொண்டு, "ரெண்டு பக்கமும் ஒட்டிருங்கம்மா" என்றார்.

மிச்சமான ஒரு துண்டு ஃபிலிமை அட்டையில் ஒட்டிக் கைப்பையில் போட்டுக்கொண்டேன். வீணாக்க மனமில்லை.

ஏப்ரல் 13, ஞாயிறு

பதினோரு கிளைடர்களும் ஒரே வானத்தில் இருந்தன. பதினொன்றும் இறங்கின.

காலையில் அவர் புது வேட்டியில் வந்து நின்றார். நான் பறக்கவில்லை, அதனால் நீங்களும் வரவேண்டியதில்லை என்று சொல்லியிருந்தேன். "நீ பாக்க முடியாததை யாராச்சும் பாத்துச் சொல்லணுமில்ல?" என்றார். இக்பால் பாய் இரட்டை இருக்கையில் அவரைப் பின்னால் ஏற்றிக்கொண்டார்.

"பாய், நான் சத்தம் போட்டா கேக்குமா?"

"கேக்கும். வாந்தி வந்தா மட்டும் முன்கூட்டியே சொல்லிருங்க, நான் முன்னாடி இருக்கறேன்."

வேட்டி நுனியை முடிந்துகொண்டு, இரண்டு கண்ணையும் இறுக்க மூடிக்கொண்டு மேலே போனார் என் கணவர்.

நான் ரேடியோவோடு தார்ப்பாயில் படுத்தேன். தரையிலிருந்து வானத்தைக் கவனிப்பவள் என்று இனி எனக்கு ஒரு வேலை. சார் நேற்று அறிவித்துவிட்டார். தலையைத் திருப்பக் கூடாது என்ற என் விதியை நானே மீறினேன். இடக்கோடியிலிருந்து வலக்கோடி வரை, கூட்டிப் பெருக்குகிற மாதிரி, தலையை மெல்லத் திருப்பிக்கொண்டே இருந்தேன். இருக்கிற ஜன்னலை எடுத்துக்கொண்டு வானம் முழுக்க நடந்தேன். ஒரு பெரிய வெள்ளை மேகத்தின் முன்னால் பளிச், பளிச் என்று இரண்டு வால்கள். ஒன்றையொன்று நோக்கி.

பொத்தானை அழுத்தி வாய் திறக்குமுன் ரேடியோவில் இக்பால் பாய் குரல் வந்தது. "இடப்பக்கம் ஒரு மினுக்கம். பாத்துட்டேன். நான் கீழ இறங்கிக்கறேன்." எதிர்க் குரல், நேற்றுத் தகராறு செய்தவர்: "நானும் பாத்துட்டேங்க. நீங்க போங்க." வால்கள் விலகின. சண்டையில்லாத இரண்டு மீன்கள் விலகுவது போல.

சார் எனக்குப் பின்னால் எங்கோ நின்று மூச்சை விட்டார். சத்தம் கேட்டது.

பிறகு கைப்பையில் இருந்து அந்த அட்டையை எடுத்தேன். படுத்தபடியே கையை உயர்த்திச் சூரியனைப் பிடித்து, மேலே திருப்பித் திருப்பி அடித்தேன். கொஞ்ச நேரம் ஒன்றும் இல்லை. கை வலித்தது. இறக்கவில்லை.

ரேடியோ கரகரத்தது. "பாய், இதுல எங்க அமுக்கறது?" பிறகு அவர் குரல், நடுங்கிக்கொண்டு: "வாணி, தெரியுது. நீ இருக்கற இடம் தெரியுது."

நாளை சித்திரை ஒன்று. பச்சடிக்கு மாங்காய் இருக்கிறது, வேப்பம்பூ எடுத்துவைக்க மறந்துவிட்டேன். சொட்டு மருந்து போட்டாகிவிட்டது.